வெங்காயம் போட்ட தொட்டில்

என் போனுக்கு என்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் வந்துவிட்டது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முட்டிவலிக்குத் தைலம் வேணுமா என்று அது கேட்டால் நியாயம். அதைக் கேட்பதில்லை. காலையில் திறந்தால் மரத்தொட்டில் வேணுமா, பின்னாளில் கட்டிலாக மாறும் தொட்டில் வேணுமா, பால் புட்டியைக் கொதிக்க வைக்கிற மிஷின் வேணுமா என்று வரிசையாக வந்து நிற்கிறது. போன மாதம் சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் போனை எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பார்த்தார். "ஏனுங்க, பேரனுக்குங்களா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

எல்லாம் என் மகள் வித்யா செய்கிற வேலை. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியில் அவள் ஃபிளாட்டுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையை நீட்டுவாள். "அம்மா, உன்ற போனக் குடு." அவளிடம் இருப்பது என்னுடையதைவிட நாலு மடங்கு ஒசத்தியான போன். ஆனாலும் குழந்தைச் சாமான் பார்ப்பதெல்லாம் என் போனில்தான்.

ஏனென்றால், போன வருஷம் ஒன்று அஞ்சாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. போய்விட்டது என்று எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவள் போனுக்கு மட்டும் தெரியவில்லை. அது பாட்டுக்கு மாதா மாதம் சேதி அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் செல்லத்துக்கு இப்போது உங்கள் குரல் கேட்கும். உங்கள் செல்லத்துக்கு இன்னும் தொட்டில் பார்க்கவில்லையா? ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் அப்படி ஒன்று வந்து, எழுந்து பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாளாம். அதனால் இந்தத் தடவை என் போன். "ஏதாச்சும் ஆச்சுன்னா அதெல்லாம் உனக்கு வரட்டும்மா. நீ தாங்கிக்குவே" என்றாள். தாங்குவேனா என்னவோ, எனக்கே தெரியாது. போனைக் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நான் டவுன்ஹால் பக்கம் ஒரு குழந்தைச் சாமான் கடையில் வேலை பார்த்தவள். "நீதான் எக்ஸ்பர்ட்டாச்சே, எது வாங்கோணும், எது வேண்டாம், சொல்லு" என்பாள். சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து கடைக்காரி ஒருத்தி பேசுவாள், அம்மா ஒருத்தி பேசுவாள். இரண்டு பேருக்கும் ஆகாது.

கொசுவலைக் குடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் நான் விற்ற கொசுவலைக் குடைகளை விரித்து வைத்தால் வ.உ.சி. மைதானம் நிறைந்துவிடும். வாங்கின வீடுகளுக்குப் பின்னாளில் விசேஷத்துக்குப் போனால், அதை இட்லித் தட்டின்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தள்ளுவண்டி என் அண்ணன் வீட்டில் வாங்கினார்கள். பையன் அதில் உட்கார்ந்தாலே வீறிட்டு அழுவான். கடைசியில் அண்ணி அதை உழவர் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒரு பெரிய சுரைக்காயை உட்கார வைத்து, விழுந்துவிடக் கூடாதே என்று பெல்ட்டும் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். வாக்கர் வேண்டவே வேண்டாம் என்று வித்யாவின் டாக்டர் சொல்லிவிட்டாராம். வாக்கர் விற்பதில் நான் கெட்டிக்காரி என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ரப்பர் ஷீட்டு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னேன். அதில் ஏமாற்றமே கிடையாது. புது ரப்பர் ஷீட்டு சுருளைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், பள்ளிக்கூடத்து அழிரப்பரும் மழைக் கோட்டும் கலந்த மாதிரி, எனக்கு அதுதான் அந்தக் கடை. அதோடு பவுடர் வாசனை. அதோடு எங்கள் முதலாளி பாய் பூசியிருக்கும் அத்தர்.

பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம். கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "என் காது என்ன இவங்க ஊட்டுக் கதவா, தட்டிப் பாத்துட்டுப் போறதுக்கு?" என்று என்னிடம் முணுமுணுப்பார். ஆனால் மாசமாக இருக்கும் பெண் கடைப்படி ஏறிவிட்டால் குரலே மாறிவிடும். ஸ்டூலைத் தன் கையால் தூக்கிப் போடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பக்கம் குழந்தை பிறக்கும் முன்னே அதற்கென்று எதுவும் வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையைத்தான் போடுவார்கள். அப்புறம் இந்தக் கடை எப்படி ஓடுகிறது? வருகிறவர்கள் அத்தனை பேரும் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்றுதான் உள்ளே நுழைவார்கள். அதிலும் தொட்டில் பெரிய கூத்து. வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது. ஆட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? அதற்காகவே பாய் ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு பெரிய பவுடர் டப்பாவைப் படுக்க வைத்திருப்பார். "இப்ப ஆட்டுங்க, வெறுந்தொட்டில் இல்ல" என்பார். டப்பா உருளாமல் ஆடினால் நல்ல தொட்டில். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

பிடித்துப்போனால் வாங்க மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். பேரும் சொல்ல மாட்டார்கள். வீட்டிலிருந்து பழைய சேலையில் கிழித்துக் கொண்டுவந்த துணித் துண்டு ஒன்றைத் தொட்டில் காலில் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவார்கள். அந்தத் துணிதான் அடையாளம். அந்தத் தொட்டிலை நாங்கள் பின்பக்கமாகத் தள்ளி வைத்துவிடுவோம். குழந்தை பிறந்ததும் வீட்டுக்காரர் வருவார், இல்லையென்றால் போன் பண்ணுவார். "மஞ்சத் துணிங்க" என்பார். உடனே தொட்டில் என்று ஓட முடியாது. பாய் மூன்று கேள்வி கேட்பார். "தாயி சுகமா? கொழந்த சுகமா? என்ன கொழந்த?" இந்த வரிசை மாறவே மாறாது. பதில் வந்ததும் கடையில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம். அதற்குப் பிறகுதான் டெம்போ.

"இப்பிடி அட்வான்ஸ் இல்லாம சரக்க முடக்கி வெச்சா எப்பிடிங்க பாய்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கொழந்த பொறந்த அன்னிக்கு எவனாச்சும் பேரம் பேசுவானா?" என்றார். அவ்வளவுதான் விஷயம். நான் என்னென்னவோ பெரிதாக நினைத்திருந்தேன்.

சில துணிகளுக்கு யாரும் வர மாட்டார்கள். எப்படியோ பாய்க்குத் தெரிந்துவிடும். மாமனோ மச்சானோ வேறு வேலையாகக் கடை வீதிக்கு வந்தவர், எங்கள் கடைப்பக்கம் பார்க்காமல் எதிர்ப்புறமாக நடந்து போவார். அது போதும் அவருக்கு. மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்னால் துணியை அவிழ்த்துவிட்டு, தொட்டிலை மறுபடி முன்னால் கொண்டுவந்து, பவுடர் டப்பாவைப் போட்டு வைத்திருப்பார். அதைப் பற்றி ஒரு பேச்சு வராது. யாரும் யாரையும் விசாரிக்கப்படாது என்பது கடைச் சட்டம். அவிழ்த்த துணியை மட்டும் அவர் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. ஜிப்பா பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். அப்புறம் அதை என்ன செய்வார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

ஒரு பெண்ணுக்கு அப்படி இரண்டு தடவை துணி அவிழ்ந்திருந்தது, கலாமணி என்ற பேர் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஊருக்கு வெளியே ஒரு பஞ்சு மில்லில் வேலை, மில்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டிலேயே குடித்தனம். மூன்றாவது தடவை அவள் புருஷனோடு வந்தபோது நான்தான் ஸ்டூலைப் போட்டேன். அவள் உட்காரவில்லை. எந்தத் தொட்டிலையும் பார்க்கவுமில்லை. நேராகப் போய் முதல் இரண்டு தடவை பார்த்த அதே மாதிரித் தொட்டிலின் காலில் ஒரு கத்திரிப்பூக் கலர் துணியைக் கட்டினாள். இரண்டு தடவை இழுத்தும் முடிச்சு விழவே இல்லை. நான் பிடித்துக்கொடுத்தேன். "இந்தத் தடவ நிக்கோணுமுங்க அக்கா" என்றாள். என்னைவிட அவள் மூத்தவள்.

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் தாராபுரத்திலிருந்து எஸ்.டி.டி. பூத் போன். லைனில் ஒரே இரைச்சல். "பாய், நம்ம மில்லுல இருந்து கத்திரிப்பூக் கலர்த் துணி கட்டினோமுல்லங்க, பொறந்திருச்சுங்க! தாயி சுகம், கொழந்த சுகம், பையனுங்க! தொட்டில மில் லைனுக்கு அனுப்பிருங்க, வாட்ச்மேனக் கேட்டா ஊட்டக் காட்டுவாரு." மூன்று கேள்விக்கும் கேட்காமலேயே பதில் வந்துவிட்டதால் பாய்க்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. நான் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். எனக்கு இரண்டு எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம். தொட்டிலை மாட்டிக்கொடுக்க ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே டெம்போவில் ஏறினேன். போல்ட் முடுக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மில் கேட்டில் வாட்ச்மேனிடம் டெம்போக்காரர் கேட்டார். "தொட்டில் யாரு ஊட்டுக்குங்க?" வாட்ச்மேன் யோசிக்கவே இல்லை. "நம்ம கலாமணி ஊட்டுக்காத்தான் இருக்கும், நேராப் போயி கடைசி ஊடு." போனோம். தொட்டிலை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நான் நிமிர்கிறேன், கதவைத் திறந்துகொண்டு கலாமணி வருகிறாள். வயிறு அப்படியே இருக்கிறது.

அப்போதுதான் தப்பு எனக்கு உறைத்தது, முழு விவரம் பிறகுதான் தெரிந்தது. முந்தின தீபாவளி நோம்பிக்கு அந்த மில்லில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே கத்திரிப்பூக் கலர் சேலை கொடுத்திருக்கிறார்கள். கடையில் அதே கலர்த் துணி கட்டின தொட்டில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. அதைக் கட்டினவள் தலைப்பிரசவத்துக்குத் தாராபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. குழந்தை பிறந்த குஷியில் அவள் புருஷன் அதை யோசிக்கவும் இல்லை, தன் பேரைச் சொல்லவும் மறந்துவிட்டார். லைனில் வயிற்றோடு நடமாடுகிற ஒரே பெண் கலாமணி. வாட்ச்மேன் வேறு யாரைக் காட்டுவார்?

பின்னாலேயே வந்த அவள் மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். "அட சாமி! இன்னும் பொறக்கவே இல்லீங்களே! ஏனுங்கம்மணி, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே!" திருப்பி எடுத்துப் போய்விடுகிறோம் என்றேன். அது அதைவிட மோசமாகப் போயிற்று. "ஊட்டு வாசலுக்கு வந்த தொட்டிலு வெறுமனே திரும்பிப் போறதா? அது ஆகவே ஆகாதுங்க!" உள்ளே எடுக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. தொட்டில் வெயிலில் நிற்கிறது. டெம்போக்காரர் மெல்ல வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறக்க ஆரம்பித்தது. எல்லோர் கண்ணும் அவள் வயிற்றில். இவளுக்கு மறுபடி ஏதாவது ஆனால் இந்தத் தொட்டிலைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

கலாமணி குனிந்து தொட்டில் காலைப் பார்த்தாள். அவள் கட்டின துணிதான், நான் பிடித்துக்கொடுத்த முடிச்சுதான். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏனுங்க, அந்த வெங்காயச் சாக்க எடுத்துட்டு வாங்க."

உடுமலைப்பேட்டைப் பக்கம் அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த சின்ன வெங்காயம், கட்டிலுக்கடியில் சாக்கோடு கிடந்திருக்கிறது. புருஷன் தூக்கிக்கொண்டு வந்து முழித்துக்கொண்டு நின்றார். "பாத்துட்டே நிக்கறீங்க, கொட்டுங்க." அவர் கொட்டினார். சடசடவென்று தொட்டில் நிறைந்தது. கலாமணி மாமியாரைப் பார்த்தாள். "வெறுந்தொட்டிலுதானுங்க அத்தை ஆகாது? பாய் கடையில பவுடர் டப்பாவப் போட்டுத்தான வெச்சிருக்காரு? இது இப்ப வெங்காயக் கூடைங்க. காத்து நல்லாப் போகும், அழுகாது. உள்ள எடுத்து வெய்யுங்க."

மாமியார் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். அது போதும், லைனே சிரித்தது. அடுப்படி மூலையில் வைத்து ஸ்பேனரால் நான் எல்லா போல்ட்டையும் முடுக்கினேன். வெங்காயத்துக்குத் தொட்டில் மாட்டிக்கொடுத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிளம்பும்போது வெங்காயம் தீர ஆரம்பித்தால் என்ன செய்வாய் என்று அவளைக் கேட்டேன். "மேல மேலப் போட்டுக்கிட்டே இருப்பனுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. இன்னொரு கத்திரிப்பூக் கலர்த் துணியைத் தேடிப் பார்த்து, அந்தத் தொட்டிலைத் தாராபுரத்துக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். அப்புறம் என்னிடம், "மில்லுக்குப் போன் போட்டு விசாரிக்கப்படாது, தெரியுதா?" என்றார். எனக்கு விசாரிக்காமல் இருக்க முடியுமா? தோளில் துண்டு போட்ட ஆம்பளை எவர் படியேறினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எதிர்ப்புறமாக யாராவது வேகமாகப் போனால் அதைவிட அடிக்கும். வீட்டில் அம்மா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் காலையில் கலாமணியின் புருஷன் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதைப் பாயின் மேசைமேல் வைத்தார். உள்ளே சின்ன வெங்காயம். "தொட்டிலக் காலி பண்ணிப்போட்டோமுங்க பாய்" என்றார்.

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. பாய் மெல்ல எழுந்து நின்றார். "தாயி சுகமா?"

"சுகமுங்க."

"கொழந்த சுகமா?"

"சுகமுங்க பாய்."

"என்ன கொழந்த?"

"பொம்பளப் புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பாய் பேரீச்சம்பழ டப்பாவை எடுக்கப் போன சாக்கில் உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். புள்ளை மேல் வெங்காய வாசம் அடிக்கிறது என்று மாமியார் தினமும் குறைப்பட்டுக்கொள்கிறாராம்.

இதை வித்யாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப அஞ்சு கிலோ வெங்காயமும் சேத்து ஆர்டர் போட்டர்லாமாம்மா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு அவுத்து உட ஆள் இல்லாமப் போச்சும்மா" என்றாள். என்ன சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கிற மனுஷர் ஒருவர் அந்த போனுக்குள்ளே இல்லாமல் போய்விட்டாரே என்று அன்றைக்குப் பூராவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்புறம் அவள் தேர்ந்தெடுத்தாள். ஒரு மரத்தொட்டில், ரப்பர் ஷீட்டு, குளிக்க வைக்க ஒரு டப். அவ்வளவுதான். குப்பையில் போடுகிற டயப்பருக்கு நாற்றம் வராத டப்பா ஒன்று பார்த்தாள். அதை வாங்க நான் விடவில்லை. ஆர்டர் போடாமல், என் போனில் அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னாள். "பொறந்த அன்னிக்கு நீ அமுத்தும்மா. முன்னாடி வேண்டாம்." இந்தக் காலத்துப் பெண், கம்ப்யூட்டரில் வேலை, இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவள். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்தப் போனை ஒரு நாளும் யார் கையிலும் நான் கொடுக்கவில்லை.

பாய் காலமாகி வெகுகாலம் ஆகிறது. அவர் மகன் கொஞ்ச நாள் அந்தக் கடையில் பாத்திரம் விற்றார். இப்போது அங்கே பேக்கரி. போன தடவை அந்தப் பக்கம் போனபோது நின்று ஒரு தேங்காய் பன் வாங்கினேன். ஸ்டூல் போட்டிருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி, பப்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். ரப்பர் ஷீட்டு வாசம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். கல்லாவில் இருந்தவர் பன் ஊசிப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டார்.

போன புதன்கிழமை காலையில் வித்யாவுக்கு வலி எடுத்தது. மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து சொன்னார். மாப்பிள்ளை "அத்தை!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினார். நான் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து போனை எடுத்தேன். இரண்டு தடவை வேறு எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது தடவை அமுத்தினேன்.

நன்றி, உங்கள் ஆர்டர் நாளை வந்து சேரும் என்றது. தொட்டில் வாங்கியவர்கள் கொசுவலைக் குடையும் வாங்கினார்கள் என்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது கேட்கும் என்று தோன்றியது. அது கேட்கவில்லை.

அதனால் நானே சொன்னேன். "தாயி சுகமுங்க. கொழந்தையும் சுகமுங்க. புள்ளைங்க."